உற்றவன் முதலாக

நோய் உடம்பிற்கு உரியதோ, உயிர்க்கு உரியதோ என்னும் வினா சித்தாந்த நூல் பயில்வார்க்குப் புதிதன்று. உடம்பு சடம், சடத்திற்கு நோவு இல்லை. உயிர் நீங்கிய உடம்பைத் தீயில் இடினும் அது வருந்துவதில்லை. வருந்துவதும், வருந்துகின்றேன் என அறிவதும், அவ்வருத்தத்தைப் பிறர்க்குச் சொல்ல விழைவதும் உயிரே. ஆகவே நோய்க்கு இடம் உடம்பு, நோவுக்கு இடம் உயிர் என்று பகுத்துக் கொள்ளலாம். இப்பகுப்பை மறந்த மருத்துவம் நோயைத் தீர்த்த பின்னும் நோவைத் தீர்க்காது விடும். மறவாத மருத்துவமோ, நோய் தீராத இடத்தும் நோவைக் குறைக்கும்.

நோயாளர்க்கு மருந்து கொடுப்பது கடமை என்பதில் ஐயுறுவார் இலர். அவர்க்குச் செவி கொடுப்பதும், அவரிடம் உண்மை உரைப்பதும் அத்தகைய கடமைகளேயோ, அன்றி இருந்தால் நன்று, இல்லாவிடினும் குற்றமில்லை என்னும் அளவினவோ என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அவையும் கடமைகளே, முறையால் மருந்திற்கு முந்திய கடமைகள் என்பது நமது துணிபு.

இவ்வாராய்ச்சிக்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் மிகவும் ஏற்ற இடமாகும். 1993 ஆம் ஆண்டு வரை இப்பகுதி தென்னார்க்காட்டு மாவட்டத்தின் கூறாக இருந்தது. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் இங்கே உள்ளது. நாவரசர் பிறந்தருளிய திருவாமூரும், அவர் சூலை நீங்கப்பெற்ற திருவதிகையும் அதே பழைய மாவட்டத்தில், விழுப்புரத்திற்குத் தெற்கே பண்ணுருட்டியை அடுத்து உள்ளன. விழுப்புரத்திற்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010 ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து அவ்வூர் அரசு மருத்துவமனைக்கும், முண்டியம்பாக்கத்திற்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும், சென்னைக்கும் நோயாளர் நாடோறும் செல்கின்றனர். ஓரிடத்தில் தீராதவர் மற்றோரிடத்திற்கு அனுப்பப்படுகின்றனர். அவரோடு சீட்டுச் செல்லும், படச்சுருள் செல்லும், முதலிடத்தில் அவர் சொன்ன சொல் மட்டும் உடன் செல்வதில்லை. ஒவ்வோரிடத்தும் அவர் தம் நோவைப் புதிதாகச் சொல்லத் தொடங்குகின்றார். பல இடங்களில் சொல்லி முடிப்பதற்கு முன்னரே எழுப்பப்படுகின்றார்.

இனி நூல்வழி நோக்குவோம். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்தனர். நோய் உற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கு. வடமொழியில் சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு நான்கு பாதம் கூறுகின்றது. ஆயின் அங்கே முறை வேறு. வைத்தியன் முதலாவதாகவும், மருந்து இரண்டாவதாகவும், பணியாளன் மூன்றாவதாகவும், நோயாளன் ஈற்றிலும் வைக்கப்பட்டனர். திருவள்ளுவரோ நோயாளனை முதற்கண் நிறுத்தினர். யாப்பு நோக்கி அவ்வாறு அமைந்தது என்பாரும் உளராகலாம். அது கொள்ளினும், உற்றவன் இன்றேல் ஏனைய மூன்றிற்கும் வேலை இல்லை என்பது மறுக்கலாகாதது. மருத்துவன் வேறு தொழில் செய்து வாழலாம். மருந்து பேழையில் கிடக்கலாம். பணியாளன் வீடு செல்லலாம். நோயுற்றவன் ஒருவனே அந்நோயை விட்டு எழுந்து போக இயலாதவன். ஆதலின் அவன் முதலிடம் பெற்றது முறையே.

அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பிற்கும் நான்கு பண்பு கூறினர். நோயாளனுக்கு உரியவாக அவர் கூறியவற்றுள் ஒன்று, தன் நோய் நிலையை உணர்த்துதல். சரகரும் நோயை அறிவிக்கும் ஆற்றலை நோயாளன் குணங்களுள் வைத்தனர். இஃது ஊன்றி நோக்கற்பாலது. உணர்த்துதல் ஒருவனுடைய கடமையாயின், உணர்தல் மற்றொருவனுடைய கடமையாதல் தானே பெறப்படும். கேட்பார் இல்லாத இடத்தில் உணர்த்துதல் எங்ஙனம் நிகழும்? நோயாளன் பேசத் தெரியாதவன் என்று குறை கூறுவார் பலர். அவன் பேசத் தெரியாதவனா, பேச விடப்படாதவனா என்பதை முன்னர் ஆராய்தல் வேண்டும்.

1984 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பெக்மன், பிராங்கல் என்னும் இருவர் இதனை அளந்தே பார்த்தனர். நோயாளரும் மருத்துவரும் சந்தித்த 74 சந்திப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். தம் குறையை முதற்கண் முழுதும் சொல்லி முடிக்க இடம் பெற்றவர் 23 விழுக்காட்டினரே. பெரும்பாலாரை மருத்துவர் இடைமறித்தனர். அதுவும் சராசரியாக 18 நொடிக்குள். செல்வமும் வசதியும் உள்ள நாட்டின் நிலை இது. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் நம் புறநோயாளர் பகுதிகளில் 18 நொடியும் பேறே எனலாம்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நாட்டுப்புறத்து முதியவர் ஒருவர் மார்பு நோவை ‘வாயுப் பிடிப்பு’ என்பார். கேட்பவர் அச்சொல்லை அவ்வளவில் கொண்டு செரிமான மருந்து கொடுத்து அனுப்பினால், இதயத்து நோய் அறியப்படாமலே போகலாம். எப்பொழுது வந்தது, நடந்தால் மிகுகின்றதா, இடக்கை வரை இழுக்கின்றதா, வியர்த்ததா என்று இன்னும் நான்கு வினா வினவிப் பொறுத்துக் கேட்டால், அதே வாயுப் பிடிப்பு உயிரைக் காக்கும் குறிப்பாக மாறும். ஆகவே செவி கொடுத்தல் மருத்துவத்திற்குப் புறத்தே நிற்கும் இனிய உபசாரம் அன்று. மருத்துவத்தின் அகத்துறுப்பே என்க.

இனி நம் பெருமக்கள் வரலாற்றில் இதற்கோர் இலக்கியம் காண்போம். பாடலிபுத்திரத்தில் தருமசேனராக இருந்த மருணீக்கியார்க்குச் சூலை வந்தது. உடனிருந்தோர் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கொண்டு தாம் அறிந்தவாறு முயன்றனர். நோய் மேலும் மேலும் முறுகவே, எம்மால் ஆகாது என்று அகன்றனர். சேக்கிழார் சுவாமிகள் காட்டும் இக்காட்சியில் இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். நோய் தீராமை ஒன்று, கைவிடுதல் மற்றொன்று. தீராமை குற்றமன்று, எல்லா மருத்துவத்திற்கும் எல்லை உண்டு. தீராதென்று கண்டதும் படுக்கையருகை விட்டு நீங்குதலே குற்றம். இதனைச் சமணர்க்கே உரிய குற்றமென ஏற்றி நாம் மகிழ்தல் தகாது. உணவு, அடைக்கலம், கல்வி என்பவற்றோடு மருந்தையும் நால்வகைத் தானத்துள் ஒன்றாக வைத்துப் போற்றியது அவர்கள் சமயம். திண்டிவனம், செஞ்சிப் பகுதியில் இன்றும் தமிழ்ச் சமணர் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரில் அவர்தம் திருமடம் விளங்குகின்றது. கைவிடுதல் மனித இயல்பின் சோர்வு. எல்லாச் சமயத்தார் வீட்டிலும் எல்லா மருத்துவமனையிலும் அது நிகழ்கின்றது.

கைவிடப்பட்டவர் தமக்கையாரை நினைந்தார். உணவு சமைப்பான் ஒருவனைத் திருவதிகைக்கு அனுப்பித் தம் நிலையைச் சொல்வித்தார். திலகவதியார் தாம் அவ்விடம் வருதற்கில்லை என்று உண்மையை மறையாது சொல்லி அனுப்பினர். பின்னர் அவர் இரவோடு இரவாகத் தமக்கையார் இருந்த திருமடத்தை அடைந்து அடியில் வீழ்ந்தபோது நிகழ்ந்ததே நாம் கற்க வேண்டுவது. அவ்வம்மையார் தம்பிக்காகவே உயிர் தாங்கியிருந்தவர். அவர் தம்மை விட்டுப் போனமையால் நெடுங்காலம் வருந்தியவர். ஆயினும், சேக்கிழார் பாடிய அளவில், அன்று சொல்லியும் கேளாது போனாயே என்னும் இடித்துரை ஒன்றும் அவர் வாயில் பிறக்கவில்லை. வீழ்ந்தவரை எழுக என்றார். நிகழ்ந்தது இறைவன் கருணை என்று தெளிவித்தார். இனிச் செய்யத்தக்கது இது என வழி காட்டினார். திருநீறு அளித்தார். விடியுமுன் தாம் திருவலகும் மெழுக்கும் கொண்டு திருக்கோயில் சென்றபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

கேட்டல், பழியாமை, உண்மை கூறல், வழி காட்டல், உடன் செல்லல் என இவ்வைந்தும் அங்கே ஒருங்கே அமைந்தன. சூலை தீர்த்தது வீரட்டானத்து இறைவன் திருவருள், அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வருளின் முன்னர் நோயாளரைக் கொண்டு சேர்த்தது தமக்கையாரின் கையும் சொல்லும் ஆகும். பரிமேலழகர் அருகிருந்து பணி செய்வானுக்கு முதற்பண்பாக நோயாளன்மாட்டு அன்புடைமையைக் கூறினர். அதற்கு உயிருள்ள உரை திலகவதியார்.

அன்பு பணியாளனுக்கே உரியது, மருத்துவனுக்குக் கல்வியும் கைத்திறனுமே போதும் எனின், அற்றன்று. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இறைவன் வினையறுக்கும் முறைக்கு மருத்துவனை உவமை கூறினர். மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும் தீர்க்கின்றான். சில நோயை இனிய மருந்தூட்டித் தீர்க்கின்றான். அவ்வாறே இறைவனும் துன்பத்தாலும் இன்பத்தாலும் வினையைக் கழிக்கின்றான் என்பது கருத்து. அறுக்கும் மருத்துவனும் அன்போடே அறுக்கின்றான் என்பதை ஆசிரியர் அங்கே குறிப்பாக வைத்தனர். அன்பு இல்லாத இடத்து அறுத்தலுக்கும் வெட்டுதலுக்கும் வேறுபாடு ஏது? அன்பில்லாத மருத்துவன் இறைவனுக்கு உவமையாதற்கு உரியவனல்லன்.

அவ்வருணந்தியார் வாழ்விலேயே மற்றோர் அரிய செய்தி உண்டு. சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற அவர் திருவெண்ணெய்நல்லூர் சென்று, இளையராகிய மெய்கண்டாரை நோக்கி நின்றபடியே ஆணவத்தின் வடிவம் யாது என வினவினர். மெய்கண்டார் வாய் திறவாது அவர் நின்ற நிலையையே அடிமுதல் முடிவரை நோக்கினர் என்பது வரலாறு. அறிவு மிக்க இடத்தில் ஆணவம் நிற்கும் என்பதை அந்நோக்கு உணர்த்திற்று. மருத்துவமனையில் படுத்திருப்பவன் அறியாதவன், நிற்பவன் அறிந்தவன். நின்றபடியே, முகம் நோக்காது, பிறர்க்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்வானாயின், அந்நிலையும் அதே வினாவிற்கு விடையாகும். ஒரு முக்காலி இட்டு அமர்ந்து, நோயாளன் கண்ணின் மட்டத்தில் தன் கண்ணை வைத்து, அவன் ஊர்த் தமிழில் பேசுதற்கு ஆகும் காலம் சில நிமிடமே. அதற்கு வேண்டுவது ஆணவம் சிறிது தணிதல்.

இங்கே ஒரு தடை எழும். நோய் பிராரத்த வினையின் பயன் அன்றோ? நுகர்ந்தே தீர வேண்டியதை யாம் என் செய்வோம்? இவ்வாறு சொல்லிக் கட்டிலருகினின்று விலகும் சைவரும் உளர். இது சித்தாந்தத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். திருஞானசம்பந்த சுவாமிகள் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்நோய் பற்றியது. இது முன்வினைப் பயன் என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழி தேடாதிருத்தல் உமக்கு இழிவன்றோ என்னும் கருத்தமைய அவர் பதிகம் அருளினர். இதற்கு மேல் சான்று வேண்டா.

மேலும், வினைக் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் தன்னளவில் கொள்ளத்தக்க தெளிவு. பிறன் துன்பத்தின்மேல் எறிதற்குரிய கல் அன்று. நோயாளனுக்கு நோவு பிராரத்தம் ஆகலாம். அவனைப் புறக்கணித்தல் புறக்கணித்தவனுக்கு ஆகாமியம் ஆகும். முன்னதன் கணக்கு நமக்குத் தெரியாது. பின்னதன் கணக்கு நம் கையாலேயே எழுதப்படுகின்றது.

இனி மிகவும் அரியதாகிய வினாவிற்கு வருவோம். தீராத நோய் என்று மருத்துவர் கண்டால், அதனை நோயாளனுக்குச் சொல்லலாமா? நம் நாட்டில் நிகழ்வது பெரும்பாலும் இது. முதியவர் கட்டிலில் இருப்பார். மகனையோ மருமகனையோ வெளித் தாழ்வாரத்திற்கு அழைத்துச் செய்தி சொல்லப்படும். அவர்கள் முகம் துடைத்து உள்ளே வந்து, ஒன்றுமில்லை, நான்கு நாளில் வீட்டிற்குப் போகலாம் என்பர். முதியவர் அவர்கள் முகத்தைப் பார்த்து எல்லாம் அறிந்துகொள்வார். அறிந்ததை அவர்கள் அறியாதபடி தாமும் மறைப்பார். இருவர்க்கும் இடையே அன்பு உண்டு. ஆனால் அவ்வன்பு பேச இயலாமல் ஊமையாகிக் கிடக்கின்றது.

மறைப்பாரது வாதம் இகழற்பாலதன்று. சொன்னால் மனம் உடையும். மனம் உடைந்தால் உடம்பும் உடையும் என்பர். பிறர்க்குத் தீமை பயவாத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்றும் திருவள்ளுவர் கூறியதை எடுத்துக் காட்டுவர். அவ்விதியை ஏற்கின்றோம். ஆயின் அவ்விதி குற்றமற்ற நன்மை என்னும் அளவுகோலை வைத்துள்ளது. மறைப்பதால் வரும் நன்மை அத்தகையதா? தன் காலம் குறுகியது என அறியாதவன் கடனைத் தீர்த்து வைக்க மாட்டான். பிள்ளைகளின் பிணக்கை ஒழிக்க மாட்டான். காண விரும்பிய தலத்தைக் காண மாட்டான். திருவைந்தெழுத்தில் மனத்தை நிறுத்த முற்பட மாட்டான். வீண் செலவில் வீடும் நிலமும் கரையும். அதனையும் அவன் அறியான். நாம் அவனுக்கு நாலு நாள் கவலையை மிச்சப்படுத்தி, வாழ்நாளின் மிக அருமையான பகுதியை அவனிடமிருந்து கவர்ந்துகொள்கின்றோம். உயிர் அறிவுடைப் பொருள். இச்சை, ஞானம், கிரியை உடையது. அதனைச் சடம் போல் வைத்து அதற்கானவற்றைப் பிறர் முடிவு செய்தல் அதன் இயல்பிற்கே இழுக்காகும்.

நாட்டின் நீதியும் இதனையே காட்டுகின்றது. 2008 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறிற்று. ஆய்வுச் சோதனைக்கு மட்டும் உடன்பட்டு மயக்க மருந்தில் இருந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர்க்கு, வெளியே இருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று, கருப்பையை எடுக்கும் அறுவை செய்யப்பட்டது. உயிர்க்கு உடனடி இடர் இல்லாதபோது, அறிவு முதிர்ந்த நோயாளரின் ஒப்புதலுக்குத் தாயின் ஒப்புதல் ஈடாகாது என நீதிமன்றம் துணிந்தது. பெற்ற தாயே ஆயினும் உற்றவர்க்கு மாற்றாகார் என்பது இதன் பொருள்.

ஆயினும் உண்மையைச் சொல்லுதல் வேறு, உண்மையை வீசி எறிதல் வேறு. எவ்வளவு அறிய விரும்புகின்றீர் என நோயாளரையே முதலில் வினவுதல் வேண்டும். அறிய விரும்பாதவர்மேல் திணித்தல் கூடாது. அஃதும் அவர் விருப்பமே. விரும்பினவர்க்கு அவர் நம்பும் உறவினரை அருகில் வைத்து, எளிய சொல்லில், இடையிடையே நிறுத்திக் கூறுதல் வேண்டும். இத்தனை நாள் என்று நாள் குறித்தல் வேண்டா. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் சொல்லை மட்டும் எவரும் எக்காலத்தும் சொல்லற்க. நோய் தீராவிடினும் வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், புண்ணைக் கழுவலாம், உடன் இருக்கலாம். கடும் வலிக்குரிய மார்பின் போன்ற மருந்துகள் நோயாளர்க்கு எளிதிற் கிட்டுதற்பொருட்டு 2014 ஆம் ஆண்டில் மத்திய அரசு போதைப்பொருட் சட்டத்தையே திருத்திற்று. ஆகவே செய்வதற்கு எப்பொழுதும் ஒன்று உண்டு.

கடமை ஒருபக்கத்ததன்று. இரவும் பகலும் உறங்காது பணி செய்யும் இளமருத்துவர் இளைப்பையும் எண்ணுதல் வேண்டும். செவிலியர் சிலர் நூறு பேரைப் பார்க்கும்போது இன்சொல் வறண்டுபோதல் இயல்பே. மருத்துவரையும் பணியாளரையும் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்ற வேண்டி வந்தது. சொல் முறிந்த இடத்தில் கை ஓங்குகின்றது. நிகழ்ந்ததை நேரத்தில் எடுத்துரைத்திருந்தால் தணிந்திருக்கக்கூடிய சினமும் உண்டு. எடுத்துரைத்தும் கேளாத முரட்டுத்தனமும் உண்டு. பின்னதை எவ்வாற்றானும் பொறுத்தலாகாது.

அரசினரும் இதனை உணராமல் இல்லை. 2018 ஆம் ஆண்டில் அந்நாள் இந்திய மருத்துவக் குழுவினர் மனப்பாங்கு, ஒழுக்கம், உரையாடல் என்னும் மூன்றையும் மருத்துவ மாணவர்க்குத் தனிப்பாடமாக வகுத்தனர். 2019 முதல் சேரும் மாணவர்க்கு அது பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. நன்று. ஆயினும் பாடத்தால் சொல் வரும். சொல்லுக்குப் பின் நிற்கும் அன்பு வருதற்குச் சூழலும் துணையும் வேண்டும்.

அத்துணையை அளித்தற்கு உரியவர் யார்? இங்கேதான் நம் திருமடங்களும் சைவ சபைகளும் நினைக்கப்படுகின்றன. திண்டிவனத்தை அடுத்த மயிலத்துத் திருமடம் 1938 ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கல்லூரி கண்டது. கல்விக்கும் அன்னத்திற்கும் மடங்கள் செய்த பணி நாடறிந்தது. இனி ஒன்று செய்யலாம். நோயாளர் அருகிருக்கும் பணிக்கு அடியவர் சிலரைப் பயிற்றி, மருத்துவமனையினர் இசைவோடு அனுப்பலாம். அவர்கள் மருத்துவம் சொல்ல வேண்டா. சமயம் பரப்ப வேண்டா. எச்சமயத்தார் ஆயினும் வேறுபாடு கருத வேண்டா. துணையின்றி வந்த முதியவர்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தல், மருத்துவர் சொன்னதை ஊர்ப்பேச்சில் மீண்டும் சொல்லுதல், அவர் கேட்க அஞ்சும் வினாவை அவர் சார்பில் கேட்டல், பேச விரும்பினால் கேட்டிருத்தல், விரும்பாவிடின் வாளா அமர்ந்திருத்தல் என இவ்வளவே பணி. திருவலகிடுதல் இழிந்த தொழில் என்று கருதாத மரபு நம்முடையது. நோயாளன் எச்சில் ஏனத்தைக் கழுவுதலும் அம்மரபில் சேர்ந்ததே.

நடமாடும் கோயில் எனத் திருமூலர் அடியவரைப் போற்றினர். நடக்க இயலாது கிடக்கும் கோயில் ஒன்று ஒவ்வொரு கட்டிலிலும் உள்ளது. அதன் வாயிலில் நின்று பேசிவிட்டுத் திரும்பாது, உள்ளே சென்று உற்றவனை முதலாக வைத்துக் கேட்போமாக. அவன் சொல்லி முடிக்கும் வரையில் நம் வாய் அடங்குவதாக.

திருச்சிற்றம்பலம்.